பத்தடி பின்னால் போன வீதி

பெண் பார்க்க வந்த அன்று காப்பி ஆறுவதற்குள் சரியென்று தலையாட்டிவிட்டுப் போன அர்த்தநாரி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பை வெட்டுவதற்காக வீட்டுப் பின்கட்டில் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்த சிஎன்சி மெஷினுக்கு ஒரு பால் ஸ்க்ரூ தேர்ந்தெடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார் என்பதை, அவர் மனைவி மரகதம் யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை, சொல்லாமல் விட்டதுமில்லை. மாவு வாங்க வருகிறவர்களின் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே, "என்னையக் கட்டறதுக்கு இத்தனை யோசிச்சிருந்தா எங்கப்பா வேற எடம் பார்த்திருப்பாருங்க" என்பாள். அவளுக்கு முன்ரூமில் மூன்று வெட் கிரைண்டர்கள். விடிந்ததும் உளுந்து, அப்புறம் அரிசி, சாயங்காலம் மறுபடி உளுந்து என்று அந்த மூன்றும் ஓடித்தான் அந்த வீட்டுக்கு மாடி வந்தது, அர்த்தநாரிக்கு மெஷின் ஆசையும் வந்தது.

வீதி கோயமுத்தூரில், கணபதிக்குப் பக்கத்தில். முன்னால் லேத் பட்டறை, பின்னால் அடுப்பு என்று குடியிருக்கிற ஜனங்கள். சௌக்கியமா என்று கேட்டால் "இருக்கறமுங்க, ஒரு நூல் முன்னப்பின்ன" என்று அளவுக் கணக்கிலேயே பதில் சொல்கிற ஆட்கள். ஆகவே அர்த்தநாரி பால் ஸ்க்ரூ வாங்கப் போகிறார் என்றதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். பால் ஸ்க்ரூ என்றால் வேறொன்றுமில்லை, உடம்பெல்லாம் மரை ஓடுகிற நீளமான இரும்புத் தண்டு, அதன்மேல் ஒரு நட்டு, நட்டுக்குள்ளே மிளகு பருமனில் எஃகுக் குண்டுகள் உருண்டுகொண்டே இருக்கும்; மோட்டார் தண்டைச் சுற்றினால் நட்டு ஓடும், நட்டோடு சேர்ந்து மெஷினின் மேசை ஓடும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள்ளே, ரோல் பண்ணின தண்டா கிரைண்டிங் பண்ணின தண்டா, ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் போகிறதா பத்து மில்லி போகிறதா, ஒற்றை நட்டா இரட்டை நட்டா, புதுசா பழசா என்று கேள்விக்கு மேல் கேள்வி முளைத்து, அர்த்தநாரி சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டுப் பிசைய மறந்து உட்கார்ந்திருப்பார். மரகதம்தான் அவர் கையைத் தட்டிச் சோறு ஞாபகத்தைக் கொண்டுவருவாள்.

கடைசியில் அவர் வாங்கி வந்தது, உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஏதோ வெளிநாட்டு மெஷினின் வயிற்றிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த ஒரு தண்டு. கிரைண்டிங் பண்ணினது, இரட்டை நட்டு, ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லி. நீளம் மட்டும் பன்னிரண்டு அடி. வீட்டு மெஷினுக்கு மூன்றடி போதும், மீதியை வெட்டிப் போடு என்று வீதியே சொன்னது. அவருக்கு மனசு வரவில்லை. தண்டை வெட்டாமல் மெஷினை நீட்டினார், மெஷினுக்காகப் பின்கட்டையும் நீட்டினார். பூட்டுவதற்கு முன்னால் தண்டை நிமிர்த்திப் பிடித்து மரகதத்துக்குக் காட்டினார். யாரும் தொடாமலே நட்டு தன் கனத்திலேயே சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியது.

"தானா இறங்குது பாரு. தள்ளவே வேண்டாம்."

"தானா இறங்குனா நிறுத்தறது எப்படிங்க?"

அவர் சிரித்தார். "நட்டமா நிக்கற தண்டுக்குத்தான் பிரேக் வேணும். இது படுத்துட்டு ஓடறது. இதுக்கு எதுக்கு?"

வீதியில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த வாரத்தில்தான் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஆட்கள் வந்து, வரிசையாக இருந்த வீடுகளுக்குள் எல்லாம் நுழைந்து, வாசலிலிருந்து பத்தடி உள்ளே சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மரகதத்தின் வீட்டில் அந்தக் கோடு மூன்று கிரைண்டருக்கும் பின்னால் விழுந்தது. அதாவது கிரைண்டர் நிற்கிற ரூமே இனி இல்லை. பெயின்ட் வழிந்து காய்கிற வரைக்கும் அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஊறப்போட்ட உளுந்து புளித்தே போய்விட்டது.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அர்த்தநாரி மெஷினுக்குக் கரண்ட் கொடுத்தார். மோட்டார் சுற்றியது, தண்டு சுற்றியது, மேசை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. வீடுதான் போனது.

முன்ரூமில் இருந்த மரகதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசற்படிக்கு வெளியே ரோட்டோரத்தில் மாவுப் பாக்கெட் வைக்கிற ஸ்டூல் ஒன்று இருக்கும், உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும். அந்த ஸ்டூல் எட்டவில்லை. கையை இன்னும் நீட்டினாள், இன்னும் எட்டவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டூலும் அதற்குப் பக்கத்துக் கரண்ட் கம்பமும் நிதானமாக அவளை விட்டுத் தள்ளிப் போயின. மாவுக் கையோடு பின்கட்டுக்கு ஓடினாள்.

"ஏனுங்க, வீடு போகுதுங்க."

"மேசை போகமாட்டேங்குது" என்றார் அவர், எரிச்சலாக.

சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் என்பதால் ஒரு வீடு போனால் எல்லா வீடும் சேர்ந்துதான் போக வேண்டியிருந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் விளக்கிக்கொண்டே ரோட்டுக்கு வந்தார்கள். வீதிச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து, ஆறு லேத் வைத்திருக்கிறவர், வீட்டுக்குள் போய், மயிரிழை நகர்ந்தாலும் முள் காட்டிக்கொடுக்கிற டயல் கேஜ் எடுத்து வந்து, அதன் காந்தக் காலைக் கரண்ட் கம்பத்தில் ஒட்டி, முனையை அர்த்தநாரி வீட்டுச் சுவரில் தொட வைத்து, "இன்னொரு ரவுண்டு விடுங்க" என்று குரல் கொடுத்தார். முள் ஓடி நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"அஞ்சு மில்லி. சுத்தமா இருக்குது. இப்பத் திருப்பி விடுங்க." வீடு திரும்பி வந்தது. முள் பூஜ்யத்தில் வந்து நின்றது.

"ஆட்டமே இல்லீங்களே. என்ன விலைக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வீடு நகந்திருக்குதுங்க" என்றாள் மரகதம், எல்லாருடைய முகத்தையும் பார்த்து.

"நகந்துச்சு மரகதம். ஆனா கெளம்புன எடத்துக்கே திரும்பி வந்துச்சு பாரு, அதுதான் தண்டோட தரம்" என்றார் நாச்சிமுத்து. இரட்டை நட்டு எடுத்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்பதைப் பற்றி டீ வருகிற வரைக்கும் பேசினார்கள். மரகதம் மட்டும் போய் ஸ்டூலை எடுத்து வாசற்படிக்கு உள்ளே வைத்துக்கொண்டாள்.

தண்டு பன்னிரண்டு அடி, கோடு பத்தடி என்ற கணக்கு யாருக்கு முதலில் தோன்றியதென்று தெரியாது, ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீதி பின்னால் போவதென்று முடிவாகிவிட்டது. சாமான்களை இறக்கி வைக்கச் சொன்னார்கள், கைக்குழந்தைகளைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், கரண்ட் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து வயரைக் கொஞ்சம் நீளமாக விட்டுக் கட்டிக் கொடுத்து, தண்ணீர்க் குழாய்க்காரர் இணைப்பு வைத்துக் கொடுத்து, தக்காளிச் சோறும் தயிர்ச் சோறும் வீதிக்குப் பொதுவாக ஆக்கி, ஒரு கல்யாண வீட்டுக் களையோடு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சுற்றுக்கு ஐந்து மில்லியாக அந்த வீதி போய்க்கொண்டே இருந்தது. நடுவில் வந்த தபால்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எட்டு கூடுதலாக நடந்து தபாலைக் கொடுத்தார். மறுவாரம் அளக்க வந்த அதிகாரி டேப்பை இழுத்துப் பார்த்து, "பத்தடி ஏற்கெனவே விட்டிருக்கீங்களே, அப்புறம் எதுக்குக் கோடு போட்டாங்க?" என்று தன் ஆட்களைத்தான் திட்டினார். அன்று இரவு மரகதம் மூன்று கிரைண்டரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வீதியே நடந்ததில் விழுந்த அதிர்ச்சி அவளுக்குப் போகவில்லை, ஆனால் ரூம் இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

கரண்ட் போன அன்றுதான் விஷயம் புரிந்தது. அந்த வீதி ரோட்டைப் பார்த்துச் சரிந்த வீதி, கண்ணுக்குத் தெரியாத சரிவு, மழை பெய்தால் தண்ணீருக்கு மட்டும் தெரியும். கரண்ட் இருக்கிற வரைக்கும் மோட்டார் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் போனதும் பிடி விட்டது. வழுவழுவென்று ஓடுவதற்காகவே பார்த்துப் பார்த்து எடுத்த தண்டாயிற்றே, அது தானாகவே சுற்ற ஆரம்பித்து, வரிசை வீடுகள் அத்தனையும் ரோட்டைப் பார்க்க இறங்கின. அர்த்தநாரி பாய்ந்துபோய் மோட்டாரின் வாலில் இருந்த கைச்சக்கரத்தைப் பிடித்தார். நின்றுவிட்டது. ஒரு ஆள், ஒரு கை, அது போதும்; ஐந்து மில்லி மரைக்கு அந்த வசதி உண்டு.

அதற்கும் ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட்டை நிறுத்துவார்கள் இல்லையா, அன்றைக்கு வீட்டுக்கு ஒரு ஆளாக முறைபோட்டு வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிடித்துக்கொண்டே பட்டாணி தின்றார்கள், செல்போனில் கிரிக்கெட் பார்த்தார்கள். ஒரு பிரேக் வாங்கிப் போட்டால் முடிந்துவிடும். ஆனால் எந்தப் பிரேக்? காந்தப் பிரேக்கா, ஸ்ப்ரிங் பிரேக்கா, எத்தனை கிலோ தாங்குகிறது? அர்த்தநாரி ரசத்தை ஊற்றிவிட்டுப் பிசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கிடையில் முப்பிடாதி மாவு வாங்க வருவது நின்றுபோனது. முப்பிடாதி வீதிக்கும் பின்னால் ஓடுகிற சாக்கடைக்கும் நடுவில் இருக்கிற லைன் வீடுகளில் இருக்கிறவள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பஞ்சம் பிழைக்க வந்தவள், இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் அவளுக்கு மண்ணச்சு அடிக்கிற வேலை. புருஷன் சுடலைமணி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடந்தான். ஆறு மாசம் மல்லாக்கப் படுத்தே இருக்க வேண்டும், புரண்டால் கால் வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு இட்லிதான் இறங்குகிறது என்று தினமும் ஒரு தூக்குப்போணி மாவு வாங்குவாள். பார்த்துப் பார்த்து, ஒரு நாள் மரகதமே தூக்கில் மாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள். லைன் வீடுகள் இடியவில்லை, ஒரு விரிசல்கூட இல்லை. ஒல்லியாகியிருந்தன. பன்னிரண்டடி அகலமாக இருந்த வீடுகள் இரண்டடி அகலத்தில், கதவும் ஜன்னலும் ஒடுங்கி, அலமாரியில் அடுக்கிய தட்டுகளைப் போல நின்றன. ஜனங்கள் பக்கவாட்டில் நடந்து உள்ளே போய்ப் பக்கவாட்டில் நடந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முப்பிடாதியின் வீட்டில் எட்டிப் பார்த்தால், சுடலைமணி நின்றுகொண்டிருந்தான். விழாமலிருக்க இரண்டு பழைய சேலையால் அவனைச் சுவர் ஆணியோடு கட்டியிருந்தாள். தலை தொங்கியிருந்தது. தூங்குகிறானா என்று தெரியவில்லை.

"படுக்க வைக்க எடங் காணல அக்கா" என்றாள் முப்பிடாதி, சாதாரணமாக. "இட்லிச் சட்டியும் உள்ள போவ மாட்டேங்கு. அதான் மாவு வாங்க வரல."

"எப்ப இருந்து முப்பிடாதி?"

"நீங்க பின்னால வந்தீயள்லா, அன்னையிலேருந்து."

"ஒரு வார்த்தை வந்து சொல்லக் கூடாதா?"

முப்பிடாதிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "யார்ட்ட அக்கா?" என்றாள்.

மரகதம் வீட்டுக்கு எப்படி வந்தாளென்று அவளுக்கே தெரியாது. வந்ததும் அர்த்தநாரியிடம் சொன்னாள். "நான் யாரு வீட்டையும் இடிக்கலயே" என்றார் அவர், நிஜமாகவே குழம்பிப்போய். நாச்சிமுத்துவிடம் போய்ச் சொன்னாள். "அது புறம்போக்கு மரகதம். பட்டா இல்லாத எடம். நாம யாரோடதையும் எடுக்கல" என்றார் அவர், தன்மையாகத்தான் சொன்னார், கெட்ட மனுஷன் இல்லை. "பாதியாவது முன்னால போலாமுங்களே?" என்று கேட்டாள். பாதி போனால் யாருக்கு எவ்வளவு இடியும் என்று பேச்சு ஆரம்பித்து, பேச்சு முடிவதற்குள் டீ வந்துவிட்டது. அவள் திரும்பி வந்து கிரைண்டரில் உளுந்தைப் போட்டாள். அதைத்தான் சொல்ல வேண்டும்: அன்றைக்கும் போட்டாள், அடுத்த நாளும் போட்டாள். கல் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் சேலையில் கட்டிய ஆள் கண்ணுக்குள் வந்தான். இந்த ரூம் போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, இருந்தாலும் மாவை வழித்தாள்.

ஒருவழியாக அர்த்தநாரி பிரேக் தேர்ந்தெடுத்துவிட்டார். பார்சலும் வந்துவிட்டது. நாளைக்குப் பூட்டிவிட்டால் இனி யாரும் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், வீதி இருந்த இடத்தில் ஆயுசுக்கும் இருக்கும். பூட்டுவதற்கு முந்தின நாள் பராமரிப்பு நாளாக அமைந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் மரகதத்தின் முறை. "கடைசித் தடவை" என்று சிரித்துக்கொண்டே சக்கரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடப் போனார்.

அவள் இதற்கு முன்னால் பிடித்ததில்லை. பெரிய கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கடைக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒரு குழந்தை விரலைப் பிடித்து இழுக்கிற அளவுதான் இருந்தது. இத்தனை வீடு, இத்தனை லேத், இத்தனை மாடி, தன்னுடைய மூன்று கிரைண்டர், எல்லாம் சேர்ந்து இவ்வளவுதானா என்று அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. இவ்வளவு லேசாக இருந்ததால்தான் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை என்று நினைத்தாள். சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போய் ஒரு சத்தம் கொடுத்தாள், "எல்லாரும் பச்சைப் புள்ளைகளைக் கையில எடுத்துக்கோங்க" என்று. அவள் கையை எடுத்த அந்த நொடியிலிருந்தே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

தண்டு சத்தமே போடவில்லை, நல்ல தண்டு. வீதி மொத்தமும் ரோட்டைப் பார்க்க இறங்கியது, முதலில் மெதுவாக, அப்புறம் வேகம் பிடித்து, கரண்ட் கம்பங்கள் வாசல்களைத் தேடி வந்தன, நீளமாக விட்டுக் கட்டிய வயர்கள் தொய்ந்தன. கடைசியில் நட்டு போய் முனையில் மோதி, குண்டுகள் சுற்றி வருகிற குழாய் உடைந்து, மிளகு மிளகாக எஃகுக் குண்டுகள் பின்கட்டுத் தரையெல்லாம் கொட்டி, சாக்கடைத் துவாரத்தைத் தேடி உருண்டன. வீதி நின்றது, கோடு போட்ட அன்று எங்கே நின்றதோ அங்கே.

அர்த்தநாரி ஓடி வந்து முழங்காலில் விழுந்து குண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கி என்ன செய்ய, பாதிக்கு மேல் சாக்கடையில் போய்விட்டது, குழாய் இரண்டாகக் கிடந்தது, அந்த மாதிரித் தண்டு இனி எந்த இரும்புக் கடையிலும் கிடைக்காது. அவருக்குப் பின்னால் வீதியே வந்து நின்றது.

"யாரு புடிச்சிருந்தது? கை வழுக்கிருச்சா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"நான்தானுங்க. வழுக்கலீங்க. நானாத்தான் விட்டேன்."

வீடுகள் நடந்தபோது டயல் கேஜ் எடுத்து வந்த வீதி, பின்வீதி ஒல்லியானபோது டீ குடித்த வீதி, அன்றைக்குத்தான் வாயடைத்து நின்றது. ஒருத்தி கையை எடுப்பாள் என்பது அவர்கள் யாருக்கும் தோன்றியிராத விஷயம். பக்கத்து வீட்டம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அர்த்தநாரி உள்ளங்கை நிறையக் குண்டுகளோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல மரகதம்?"

"சொன்னனுங்க" என்றாள் அவள்.

முன்ரூம் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை; பார்த்தால் கோடு தெரியும், கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று கிரைண்டரும் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக இறங்கிப் போனாள்.

லைன் வீடுகள் பழையபடி அகலமாக இருந்தன. ஜனங்கள் இன்னும் பக்கவாட்டில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். முப்பிடாதி வீட்டு வாசலில் உதட்டில் விரலை வைத்தபடி நின்றாள். உள்ளே சுடலைமணி தரையில் மல்லாக்கக் கிடந்தான், கையும் காலும் விரித்து, வாய் திறந்து, குறட்டை வெளியே வரைக்கும் கேட்டது. அவிழ்த்த சேலைகள் ஆணியிலேயே தொங்கின.

"சத்தங் காட்டாதீய அக்கா. இப்பந்தான் கண்ணசந்தாவ." பிறகு குரலை இன்னும் தாழ்த்திக் கேட்டாள்: "மறுபடி எத்தனை மணிக்கு அக்கா தள்ளுவீய? அது வரைக்கும் படுத்துக்கிடட்டும்."

"இனிமேத் தள்ள மாட்டாங்க முப்பிடாதி. தள்ள முடியாது."

"சரிக்கா" என்றாள் முப்பிடாதி, முன்வீதிக்காரர்கள் சொல்வதற்கெல்லாம் சொல்கிற அதே சரியை. பிறகு உள்ளே போய், புருஷனின் விரிந்திருந்த கையை மெதுவாக எடுத்து, சுவர் வந்தால் இடிக்காதபடி அவன் நெஞ்சின்மேல் மடக்கி வைத்தாள்.